சாத்தனும் கொற்றனும்

எகிப்தின் செங்கடல் கரையில், குசேர் நகருக்குச் சற்று வடக்கே, ரோமானியர் காலத்துத் துறைமுகம் ஒன்று மண் மூடிக் கிடக்கிறது. கிரேக்கர்கள் அதை மியோஸ் ஹோர்மோஸ் என்று அழைத்தார்கள். 1978 முதல் 1982 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தார் அங்கே அகழாய்வு செய்தபோது கிடைத்த பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்து இருந்தது. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அவற்றைப் படித்தார். ஓர் ஓட்டில் கணன் என்ற பெயர். இன்னொன்றில் சாதன். ஒற்றெழுத்தை விட்டு எழுதுவது அக்கால வழக்கம், அது சாத்தன்தான். அதே கரையில் இன்னும் தெற்கே உள்ள பெரனிகே துறைமுகத்தில் 1990களில் கிடைத்த ஒரு சாடி ஓட்டில் கொற்றபூமான் என்று எழுதியிருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டிய காலத்தில், மிளகும் துணியும் ஏற்றிப்போன கப்பல்களோடு இந்தப் பெயர்களும் கடல் கடந்திருக்கின்றன.

தமிழ் இலக்கணம் படித்த எவருக்கும் இந்த இருவரையும் தெரியும். தொல்காப்பியத்துக்கும் நன்னூலுக்கும் உரை எழுதியவர்கள் எழுவாய்க்கு ஓர் ஆள் தேவைப்பட்டால் சாத்தனைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது ஆள் வேண்டுமென்றால் கொற்றனைக் கூப்பிட்டார்கள். வருவதும் போவதும் உண்பதும் மரம் வெட்டுவதும் எல்லாம் இவர்கள் வேலை. வடமொழி இலக்கணத்தில் பதஞ்சலி காலத்திலிருந்து தேவதத்தனும் யஞ்ஞதத்தனும் செய்து வந்த வேலை அது. நம் உரையாசிரியர்கள் அந்தப் பெயர்களைக் கடன் வாங்காமல், தெருவில் கூப்பிட்டால் யாராவது ஒருவர் திரும்பிப் பார்க்கக்கூடிய பெயர்களைத் தேர்ந்துகொண்டார்கள். அவ்வளவு சாதாரணமாக இருந்த இரண்டு பெயர்கள் இன்று கிட்டத்தட்ட யாருக்கும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே விதமாக மறையவில்லை. சாத்தன் வேறு பெயர்களுக்குள்ளும் ஊர்களுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் போய் உயிரோடு இருக்கிறான். கொற்றனுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. பொருளை மட்டும் பார்த்தால் கொற்றன்தான் கவர்ச்சியான பெயர். இருந்தும் அது தோற்றது. ஏன் என்பதுதான் எனக்கு இந்த ஒப்பீட்டில் முக்கியமாகப் படுகிறது.

கொற்றன் என்ற பெயரின் பொருள் வெளிப்படையானது. கொற்றம் என்றால் வெற்றி, வலிமை, வெற்றியால் வரும் ஆட்சி. அரசனின் குடை கொற்றக்குடை, அரசன் கொற்றவன், போரில் வெற்றி தரும் தெய்வம் கொற்றவை. வெட்சித் திணையைச் சொல்லும்போது தொல்காப்பியம் கொற்றவை நிலை என்ற துறையைச் சொல்கிறது. அதாவது, ஆநிரை கவரப் போகிற மறவர்கள் வணங்கிய தாயின் பெயரும் இந்த ஆண் பெயரும் ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை. மகனுக்குக் கொற்றன் என்று பெயரிட்ட தகப்பன் அவன் வெல்ல வேண்டும் என்று விரும்பினான். அவ்வளவுதான், அதில் மறைபொருள் ஒன்றும் இல்லை.

சாத்தன் அப்படியல்ல. இந்தப் பெயரை எந்தப் பக்கமிருந்து திறந்தாலும் வேறொரு அறைக்குள் கொண்டுபோய் விடுகிறது. சாத்து என்றால் வணிகர் கூட்டம். பொதிமாடுகளோடும் காவலர்களோடும் காடும் மலையும் கடந்து போகிற கூட்டம். வடமொழியில் சார்த்தம், பிராகிருதத்தில் சத்தம் என்று வழங்கிய சொல்லோடு இதற்கு உறவு உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலனின் தந்தை பெயர் மாசாத்துவான்; பெருவணிகன் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. மணிமேகலை பாடியவர் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார், தானிய வணிகர். இது ஒரு வழி. இன்னொரு வழியில் போனால் சாஸ்தா வருகிறார். ஐயனாருக்குச் சாத்தன் என்றும் பெயர். மூன்றாவது வழி புத்தரிடம் கொண்டுபோகிறது. பாலி மொழியில் சத்தா என்றால் ஆசான். புத்தரைக் குறிக்கும் பெயர்களில் அது ஒன்று. ஆய்வாளர் மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட ‘பௌத்தமும் தமிழும்’ நூலில், சாத்தன் என்பது புத்தரின் பெயரே என்றும், பௌத்தம் தேய்ந்தபின் அது ஐயனாராக மாறி நின்றது என்றும் வாதிட்டார். இன்னோர் ஆய்வாளர் க. நெடுஞ்செழியன் ஐயனாரை ஆசீவகத்தோடு இணைத்தார்.

இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வணிகக் கூட்டம் வழிநெடுகப் பயணம் போகிறது. அதன் காவல் தெய்வம் எல்லையில் நிற்கிறது. அந்த வணிகர்கள் பலர் பௌத்தத்தையும் சமணத்தையும் ஆசீவகத்தையும் ஆதரித்தவர்கள். ஒரே பாதையில் நடந்த மூன்று பொருள்கள் ஒரு பெயருக்குள் வந்து கலந்ததில் வியப்பில்லை. கொற்றனுக்கு ஒரே வேர். சாத்தனுக்குப் பல வேர். பின்னால் நடந்ததெல்லாம் ஒருவகையில் இந்த வேறுபாட்டின் விளைவுதான்.

அக்காலத்தில் எந்தப் பெயர் எத்தனை பேருக்கு இருந்தது என்று சொல்லும் பதிவேடு கிடையாது. புலவர் பெயர்களையும் பாடப்பட்டவர் பெயர்களையும் வைத்து ஓரளவு ஊகிக்கலாம். அப்படிப் பார்த்தால் சாத்தன் முந்துகிறான். சீத்தலைச் சாத்தனார், ஆலம்பேரி சாத்தனார், உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார், ஆடுதுறை மாசாத்தனார், பெருந்தலைச் சாத்தனார், மோசி சாத்தனார், பேரிசாத்தனார், பிரான் சாத்தனார், அழிசி நச்சாத்தனார், கருவூர்ப் பூதஞ்சாத்தனார் என்று சங்கப் புலவர்களிலேயே பத்துக்கு மேல் வருகிறார்கள். ஒரே பெயர்க்காரர்கள் இத்தனை பேர் இருந்ததால்தான் ஊரையும் தந்தை பெயரையும் உடல் அடையாளத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. பெண்பாலும் உண்டு. முதல்நாள் தகப்பனையும் மறுநாள் கணவனையும் போரில் இழந்து, மூன்றாம் நாள் ஒரே மகனையும் தலைவாரி வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிற பெண்ணைப் பாடிய ஒக்கூர் மாசாத்தியார் இந்தப் பெயரைக் கொண்டவரே.

கொற்றன் பெயரில் கொற்றங்கொற்றனார், செல்லூர்க் கொற்றனார் என்று சிலரே தென்படுகிறார்கள். ஆகவே அன்றும் சாத்தன் பொதுப்பெயர், கொற்றன் அதைவிட அரிது என்றே நினைக்கிறேன். ஆனால் கொற்றன் என்ற பெயருக்கு ஒரு பெருமை வாய்த்தது. குதிரைமலைத் தலைவன், சேரனின் படைத்தலைவன் பிட்டங்கொற்றனைப் புறநானூற்றின் 168 முதல் 172 வரை ஐந்து பாடல்கள் அடுத்தடுத்துப் பாடுகின்றன. பிட்டன் மகன் கொற்றன் என்பது அந்தப் பெயரின் விரிவு. அந்த ஐந்தில் முதல் பாட்டைப் பாடியவர் கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார். அகநானூறு 143இல் பிட்டனின் குதிரைமலைச் சாரலை எடுத்துப் பேசுகிறவர் ஆலம்பேரி சாத்தனார். உரைநூல்களில் அருகருகே நிற்கும் சாத்தனும் கொற்றனும், அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாடுகிறவனும் பாடப்படுகிறவனுமாக நின்றிருக்கிறார்கள்.

புறநானூறு 168ஐ எடுத்து ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்க்க வேண்டும். காந்தள் கிழங்குக்காகக் காட்டுப்பன்றிகள் மலைச்சரிவைக் கிளறிப் போடுகின்றன. குறவர்கள் அந்தக் கிளறிய மண்ணையே உழுத நிலமாகக் கொண்டு தினை விதைக்கிறார்கள். விளைந்த புதுத் தினையைக் காட்டுப்பசுவின் பாலில் இட்டு, சந்தன விறகில் சமைத்து, வாழையிலையில் பகிர்ந்து உண்கிறார்கள். இப்படி ஒரு மலைக்கு உரியவன் கொற்றன் என்று சொல்லிவிட்டு, அவன் புகழைத் தமிழகம் முழுதும் கேட்கும், கொடுக்காத மன்னர்கள் நாணுவார்கள் என்று சாத்தனார் பாடுகிறார். தமிழகம் என்ற சொல்லே அந்தப் பாட்டில் இருக்கிறது. மற்றப் பாடல்களில் கொல்லன் ஓங்கி அடிக்கும் சம்மட்டியைத் தாங்கும் உலைக்கல்லாக அவன் காட்டப்படுகிறான். கொடுப்பவர்கள் அரிதான உலகத்தில் அவன் காலில் ஒரு முள்கூடத் தைக்கக் கூடாது என்று காரிக்கண்ணனார் வேண்டுகிறார். வெற்றி என்று பொருள்படும் பெயரைத் தாங்கியவனைப் புலவர்கள் அவன் கொடைக்காகவே அதிகம் நினைத்தார்கள்.

சாத்தன் பெயர் கொண்ட தலைவர்களும் அப்படித்தான். பாண்டியன் கீரஞ்சாத்தன், வந்தவர் உண்ண மறுத்தாலும் ஆணையிட்டு, கெஞ்சி உண்ணவைப்பவன் என்று ஆவூர் மூலங்கிழார் சொல்கிறார். ஒல்லையூர்கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபின், இனி உன்னை யார் சூடப்போகிறார்கள், எதற்காகப் பூத்தாய் என்று முல்லைக் கொடியைக் கேட்கிற குடவாயிற் கீரத்தனாரின் பாட்டு (புறநானூறு 242) தமிழில் இரங்கல் பாட்டு என்றதுமே நினைவுக்கு வருவது. பிடவூர்கிழான் மகன் பெருஞ்சாத்தன் நக்கீரரால் பாடப்பட்டவன். இந்தப் பிடவூரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வருகிறது.

தந்தை பெயரை முன்னால் வைத்து மகன் பெயரைப் பின்னால் சேர்க்கும் இந்த வழக்கத்துக்குத் தொல்காப்பியம் விதியே வகுத்திருக்கிறது. உரையாசிரியர்கள் அதற்குக் காட்டும் உதாரணங்கள் கொற்றங்கொற்றன், சாத்தங்கொற்றன். கொற்றன் மகனும் கொற்றன். சாத்தன் மகன் கொற்றன். தந்தை என்ற சொல்லே பின்னால் வந்தால் சாத்தந்தை, கொற்றந்தை என்று சுருங்கும். ஆதனோடு சேர்ந்தால் ஆந்தை. பிசிராந்தையார் என்ற பெயரில் உள்ள ஆந்தை பறவை அல்ல என்பதை இந்த விதி தெரிந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். இன்று நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம். அரசுப் பதிவேடுகள் வந்தபிறகு அது எழுத்தளவில் சுருங்கியதே தவிர, வரிசை அதேதான்.

சங்க காலத்தோடு இரு பெயர்களின் கதையும் முடிந்துவிடவில்லை. 8ஆம் நூற்றாண்டில், பராந்தக நெடுஞ்சடையன் என்ற ஒரே பாண்டியனின் ஆட்சியில் எழுந்த இரண்டு ஆவணங்கள் இவற்றின் திருப்பத்தைக் காட்டுகின்றன.

முதலாவது வேள்விக்குடிச் செப்பேடு. மதுரையில் ஒருவர் அரசனிடம் முறையிடுகிறார். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என் முன்னோருக்குக் கொடுத்த ஊரைக் களப்பிரர் பறித்துக்கொண்டார்கள், திருப்பித் தர வேண்டும் என்பது அவர் வழக்கு. அரசன் சான்று கேட்டு, பெற்று, ஊரை மீட்டுக் கொடுக்கிறான். களப்பிரர் வரலாற்றுக்காகவே இந்தச் செப்பேட்டை எல்லோரும் எடுத்துப் பேசுகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது அதில் உள்ள இரண்டு பெயர்களை. ஊரை முதலில் பெற்று வேள்வி செய்த முன்னோர் கொற்கைகிழான் நற்கொற்றன். முறையிட்ட வழித்தோன்றல் காமக்காணி நற்சிங்கன். நல் என்ற முன்னொட்டு அப்படியே இருக்கிறது. கொற்றன் இருந்த இடத்தில் சிங்கன் வந்து உட்கார்ந்துவிட்டான். வேதவேள்வி செய்தவருக்கே கொற்றன் என்ற தமிழ்ப் பெயர் இருந்த காலம் ஒன்று. அவர் குடியில் வடமொழிச் சிங்கம் புகுந்த காலம் இன்னொன்று. பெயர்கள் மாறிய போக்கை ஒரே குடும்பத்துக்குள், ஒரே செப்பேட்டில் இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு சான்றை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது திருப்பரங்குன்றத்துக் குடைவரைக் கல்வெட்டு, கி.பி. 773ஐச் சேர்ந்தது. கரவந்தபுரத்து மருத்துவர் குடியில் பிறந்து நெடுஞ்சடையனின் மாசாமந்தனாக உயர்ந்த சாத்தன் கணபதி கோயிலையும் குளத்தையும் சீர் செய்கிறார். அவர் மனைவி நக்கன் கொற்றி, துர்க்கைக்கும் மூத்ததேவியாகிய சேட்டைக்கும் கோயில் எடுக்கிறாள். சாத்தன் கணபதி என்றால் சாத்தன் மகன் கணபதி. இங்கும் தலைமுறை மாற்றம் தெரிகிறது. தந்தைக்குப் பழைய பெயர், மகனுக்குப் புதிதாகப் பரவி வந்த தெய்வத்தின் பெயர். நக்கன் மகள் கொற்றியோ, கொற்றவை என்ற தெய்வத்தோடு வேரொன்றான பெயரைத் தாங்கிக்கொண்டு துர்க்கைக்குக் கோயில் எழுப்புகிறாள். கல்வெட்டு அந்தத் தெய்வத்தைத் துர்க்கை என்று எழுதுகிறதே தவிர, கொற்றவை என்று எழுதவில்லை.

கொற்றனின் வீழ்ச்சிக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பக்தி இயக்கம் வந்தபிறகு தமிழ்நாட்டில் பெயரிடும் முறை தலைகீழாக மாறியது. அதற்கு முன் ஆதன், பூதன், கீரன், கண்ணன், பண்ணன், கொற்றன், சாத்தன் என்று இயற்பெயர்கள் இருந்தன. அதற்குப் பின் பிள்ளைக்குப் பெயர் வைப்பது என்றால் சாமி பெயரை வைப்பது என்றாகிவிட்டது. எந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தெய்வம் நின்றதோ அது பிழைத்தது. கொற்றவையின் பெயர் துர்க்கை, காளி, பகவதி என்று மாறியபோது கொற்றனுக்கு இருந்த ஒரே தெய்வத் துணையும் போயிற்று. போரும் வெற்றியும் பாடப்பட்ட காலத்தின் சொல் அரண்மனையோடு நின்றுவிட்டது. வெண்கொற்றக்குடை புலவர்களின் பாட்டில் இருந்ததே ஒழிய, வீட்டுத் தொட்டிலுக்கு வரவில்லை. உமாபதி சிவம் வாழ்ந்த சிதம்பரத்துக் கொற்றவன்குடி போல ஓரிரண்டு இடப்பெயர்களில் அந்தச் சொல் தங்கியது.

சாத்தனோ மனிதப் பெயரிலிருந்து தெய்வப் பெயராக நகர்ந்துகொண்டே இருந்தான். சிலப்பதிகாரத்திலேயே அதன் தொடக்கம் தெரிகிறது. புகாரில் மாலதி என்பவள் மாற்றாள் குழந்தைக்குப் பாலூட்டும்போது பால் விக்கிக் குழந்தை இறந்துவிடுகிறது. பழிக்கு அஞ்சி அவள் கோயில் கோயிலாக ஓடுகிறாள். பாசண்டச் சாத்தன் என்ற தெய்வம் அந்தக் குழந்தையாகத் தானே வந்து கிடக்கிறது, வளர்கிறது, தேவந்தி என்ற பெண்ணை மணந்து அவளோடு வாழ்கிறது, பிறகு தன் தெய்வ வடிவைக் காட்டி, என் கோயிலுக்கு வா என்று சொல்லி மறைகிறது. மனிதனாக ஒரு வீட்டில் வாழ்ந்து காட்டிய தெய்வத்துக்கு, அந்நாளில் எந்த வீட்டிலும் இருந்திருக்கக்கூடிய பெயர்.

பிறகு அப்பர் தம் தேவாரத்தில் சாத்தனைச் சிவபெருமானின் மகனாகச் சொல்கிறார். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதும்போது, சேரமான் பெருமாள் கயிலையில் அரங்கேற்றிய உலாவைக் கேட்டு வந்து மண்ணுலகில் திருப்பிடவூரில் வெளிப்படுத்தியவர் மாசாத்தனார் என்கிறார். அங்கே மாசாத்தனார் என்றால் ஐயனார். நக்கீரர் பாடிய பெருஞ்சாத்தனின் ஊர் பிடவூர். ஐயனாராகிய மாசாத்தனாரின் ஊர் திருப்பிடவூர். இரண்டும் ஓர் ஊரே என்று கொள்பவர்கள் உண்டு. ஊர் ஒன்றோ வேறோ, பெயர் போன வழி தெளிவாக இருக்கிறது: ஊர்த்தலைவன் மகனுக்கு இருந்த பெயர் ஊர்த்தெய்வத்துக்கு வந்து சேர்ந்தது. சங்கப் பாட்டில் மாசாத்தன் புலவன். பெரியபுராணத்தில் மாசாத்தன் சாமி.

சாமியான பிறகு அந்தப் பெயருக்கு அழிவில்லை. சாத்தூர், சாத்தனூர், சாத்தமங்கலம், சாத்தான்குளம் என்று ஊர்ப்பெயர்களாக நாடெங்கும் பரவியது. திருமூலர் கதையில் மூலன் என்ற இடையன் வாழ்ந்த ஊர் ஒரு சாத்தனூர். தென்பெண்ணையின் குறுக்கே அணை இருப்பது வேறொரு சாத்தனூர். பெரம்பலூர்ப் பக்கம் கோடிக்கணக்கான ஆண்டுகள் பழைய கல்மரம் கிடக்கிற சாத்தனூர் இன்னொன்று. மனிதப் பெயராகவும் அது உடை மாற்றிக்கொண்டு வாழ்கிறது. சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரத்தில் சாத்தையா. நகரத்தார் வீடுகளில் சாத்தப்பன். நகரத்தாரிடம் தந்தைவழித் தாத்தா பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் உறுதியாக இருப்பதால் ஒரு பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்பப் பிறக்கிறது. அங்கே பேரன் உண்மையிலேயே பெயரன். குலதெய்வம் சாத்தையனார் என்றால் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்காவது அந்தப் பெயர் போய்ச் சேரும். இந்த இரண்டு காவலும் கொற்றனுக்கு எந்நாளும் கிடைக்கவில்லை.

சாத்தன் உயிர்பிழைத்ததற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. மலையாள நாட்டில் அந்தப் பெயர் போன வழி வேறு. அங்கே சாத்தன் என்பது புலையர் போன்ற ஒடுக்கப்பட்ட மக்களின் ஆண்களுக்கு உரிய பெயராகச் சுருங்கியது. மறுபுறம் குட்டிச்சாத்தன் என்று மந்திரவாதியின் ஏவலுக்குக் கட்டுப்பட்ட குறும்புத் தெய்வமாகவும் ஆனது. மலபார்க் கலவரத்துக்கு அடுத்த ஆண்டு, 1922இல், குமாரன் ஆசான் எழுதிய ‘துரவஸ்தா’ காவியத்தில் வீடிழந்து வந்த நம்பூதிரிப் பெண் சாவித்திரி ஒரு புலையனின் குடிசையில் தஞ்சம் புகுந்து, பிறகு அவனையே கணவனாக ஏற்கிறாள். அந்தப் புலையனின் பெயர் சாத்தன். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் சாதி தெரியும் என்பதால்தான் ஆசான் அதைத் தேர்ந்திருக்கிறார். அந்தக் காவியத்தைச் சங்கப் பாடல்களை அறிந்த ஒருவர் படித்தால் நெஞ்சு வலிக்கும். சேரநாட்டுத் தலைநகராகிய கருவூரில் புலவர்களுக்கு இருந்த பெயர், சேரமான் சாத்தன் என்று சேரர் குடியிலேயே ஒரு புலவருக்கு இருந்த பெயர், அதே சேரநாட்டில் தீண்டாமையின் அடையாளமாக ஆகியிருந்தது. 1984இல் வந்து, இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம் என்று பேசப்பட்ட ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ தமிழ்க் குழந்தைகளுக்கும் அந்தப் பெயரை மந்திரக்குட்டியின் பெயராகவே அறிமுகம் செய்தது.

இதோடு விவிலியத்தின் சாத்தான் வேறு. அது எபிரேயச் சொல்லின் வழி வந்தது. நம் சாத்தனுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் காதுக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை. ஒரு நெடில்தான் நடுவில் நிற்கிறது. பழைய வழக்கில் சாத்தன் என்பதையே நீட்டிச் சாத்தான் என்றும் சொன்னார்கள், சாத்தான்குளம் அதற்குச் சாட்சி. இன்று வெறும் சாத்தன் என்று பிள்ளைக்குப் பெயரிட ஒரு தாய் தயங்கினால் அவளைக் குறை சொல்ல முடியாது.

கொற்றனுக்கும் ஒலியால் ஓர் இடையூறு உண்டு. பேச்சுத் தமிழில் காற்று காத்தாகும், நேற்று நேத்தாகும். அந்த வழியில் கொற்றன் கொத்தனாகி, கட்டட வேலை செய்பவரைக் குறிக்கும் சொல்லோடு போய்க் கலந்துவிடும். அது மதிப்புக்குரிய தொழில்தான். ஆனாலும் வெற்றி என்று நினைத்து வைத்த பெயர் வாயில் விழும்போது வேறொன்றாகக் கேட்டால் வைத்தவர்களுக்கு நிறைவு இருக்காது.

20ஆம் நூற்றாண்டில் தமிழ்ப் பெயர்களுக்கு ஒரு மறுபிறவி வந்தது. 1916இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கி, வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். பிறகு திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். ராமையா அன்பழகன் ஆனார். வீட்டுக்கு வீடு இளங்கோவும் செழியனும் பாரியும் கபிலனும் கரிகாலனும் நக்கீரனும் பிறந்தார்கள். அந்த அலையில் சாத்தனும் கொற்றனும் ஏறவில்லை. மேடையிலும் பாடநூலிலும் யார் நாயகர்களாகப் பேசப்பட்டார்களோ அவர்கள் பெயர்களே எடுக்கப்பட்டன. மூவேந்தர் பெயரும் வள்ளல்கள் பெயரும் வேண்டியிருந்தன. இலக்கண வகுப்பில் மரம் வெட்டிக்கொண்டிருந்த இருவரை யாரும் நாயகர்களாக நினைக்கவில்லை. மணிமேகலை என்று மகளுக்குப் பெயர் வைத்தவர்கள் உண்டு; அதைப் பாடிய சாத்தனாரின் பெயரை மகனுக்கு வைத்தவர்கள் மிகச் சிலர்.

அந்த இயக்கம் செய்த பெரிய நன்மையை மதித்தே இதைச் சொல்கிறேன். மன்னர் பெயர்களை மீட்டதோடு அது நின்றுவிட்டது. பானை ஓட்டில் தன் பெயரைக் கீறிக்கொண்டவர்களும், பாறைப் படுக்கையை வெட்டுவித்தவர்களும், கப்பலேறிப் போனவர்களும் வைத்துக்கொண்டிருந்த பெயர்கள் இன்னும் மீட்கப்படவில்லை. அண்மையில் கீழடி ஓடுகளில் ஆதன் என்ற பெயரைப் படித்த பிறகு, அந்தப் பெயரை விரும்புகிறவர்கள் கூடியிருக்கிறார்கள் என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆதனுக்கு நேர்ந்தது இவர்களுக்கும் நேரலாம்.

இருவரில் யாரை இன்று ஒரு குழந்தைக்கு வைக்கலாம் என்று கேட்டால் என் விடை கொற்றன். சாத்தனுக்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஐயனார் கோயில்கள் இருக்கும்வரை, பேரனுக்குத் தாத்தா பெயரை இடும் வீடுகள் இருக்கும்வரை, சாத்தப்பனும் சாத்தையாவும் பிறந்துகொண்டே இருப்பார்கள். கொற்றனை யாராவது விரும்பி எடுத்து வைத்தால்தான் உண்டு. மகளுக்குக் கொற்றவை என்று பெயரிடுவது இப்போது ஆங்காங்கே கேட்கக் கிடைக்கிறது. அந்த வீட்டில் தம்பி பிறந்தால் அவனுக்கும் அதே வேரிலிருந்து ஒரு பெயர் காத்திருக்கிறது. அது ஆதிக்கத்தைக் கொண்டாடும் பெயராகி விடுமோ என்று யாரும் அஞ்ச வேண்டாம். நமக்குத் தெரிந்த கொற்றன்கள் குதிரைமலையில் வந்தவர்க்கெல்லாம் கொடுத்த ஒருவன், வேள்வி முடித்த கொற்கைகிழான் ஒருவன், பெரனிகேயில் தன் சாடியில் பெயர் எழுதிய ஒருவன். ஒலியைப் பற்றிய தயக்கமும் பெரிதல்ல. காற்றைக் காத்து என்கிற அதே வாய் வெற்றியை வெற்றி என்றுதான் சொல்கிறது. வெற்றிவேலையும் வெற்றிமாறனையும் எந்த ஊரிலும் யாரும் மாற்றிக் கூப்பிடுவதில்லை. கொற்றனையும் றகரம் கெடாமல் கூப்பிடத் தமிழ் நாக்குக்குத் தெரியும்.